90 ஆயிலா, செயின் ஸ்ப்ரேயா? வடசென்னை உப்புக் காற்றில் எது தாங்கும்

பைக் செயினுக்கு எதைப் போடுவது என்று கேட்டால் அண்ணா நகரில் ஒரு பதில் வரும், காசிமேட்டில் வேறு பதில் வரும். இரண்டும் சரியாகவே இருக்கலாம். ராயபுரத்தில் தொடங்கி எண்ணூர் வரை கடலை ஒட்டியே ஓடும் வண்டிகளுக்கு எதிரி இரண்டு: உப்பு, மண். காற்றில் வரும் உப்பு செயின் தட்டுகளில் மெல்லிசாகப் படிந்து, ராத்திரி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். காலையில் தட்டு ஓரங்களில் செம்பழுப்பு தெரிந்தால் காரணம் அதுதான். அதன் மேல் கன்டெய்னர் லாரி கிளப்பும் தூசி உட்காரும். பகலெல்லாம் அதை அரைத்துக்கொண்டேதான் செயின் சுற்றுகிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்தப் பக்கம் தினமும் ஓடும் வண்டிக்கு 90 ஆயில், அதாவது 90 நம்பர் கியர் ஆயில்தான் நல்லது, வாரம் ஒரு முறை துணியால் துடைக்கத் தயாராக இருந்தால். மாதத்துக்கு ஒரு தடவைதான் குனிவேன் என்பவர் ஸ்ப்ரேயே வாங்கட்டும், துருவாவது பிடிக்காமல் இருக்கும். எந்தக் கடையில் எந்த பிராண்டு என்று அலைவதைவிட இந்த ஒரு கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லிக்கொள்வது பயன்.

முதலில் உங்கள் செயின் எது என்று பாருங்கள்

செயினின் உள்தட்டுக்கும் வெளித்தட்டுக்கும் நடுவில் கறுப்பு ரப்பர் வளையம் தெரிந்தால் அது ஓ-ரிங் செயின். டியூக், பல்சர் என்எஸ்200 போன்ற வண்டிகளில் இதுதான் வரும். ரப்பர் தெரியாவிட்டால் சாதா செயின். ஸ்ப்ளெண்டரில் மூடிய கவருக்குள் ஓடுவது சாதா செயின்தான்.

இந்த வித்தியாசத்தில்தான் பாதி விஷயம் இருக்கிறது. செயின் 'நீள்கிறது' என்கிறோமே, தட்டு இழுபட்டு நீள்வதில்லை. கண்ணிகளைக் கோக்கும் 'பின்' என்ற சிறு கம்பியும் அதைச் சுற்றியிருக்கும் புஷ் என்ற குழாயும் தேய்ந்து, ஒவ்வொரு கண்ணியிலும் கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி விழுந்து, மொத்தமாகச் சேர்ந்து தொங்குகிறது. ஓ-ரிங் செயினில் அந்த இடத்துக்கான கிரீஸைத் தொழிற்சாலையிலேயே அடைத்து, ரப்பரால் மூடிவிடுகிறார்கள். நாம் வெளியே போடும் ஆயில் உள்ளே போகாது, போகவும் வேண்டாம். புஷ்ஷின் மேல் சுழலும் ரோலருக்கும் செயின் வீல் பல்லுக்கும் நடுவே வழவழப்பு, தட்டுக்குத் துருக்காப்பு, ரப்பர் காய்ந்து வெடிக்காமல் ஒரு பூச்சு: இந்த மூன்றுக்கு மட்டும்தான் அது. சாதா செயினில் கதை வேறு. தட்டு இடுக்கு வழியாக ஆயில் ஊறி அந்தப் 'பின்' வரை போனால்தான் செயின் பிழைக்கும். ஊறிப்போகும் தன்மை 90 ஆயிலுக்கு உண்டு. ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் முதலில் மசகை உள்ளே கொண்டுபோனாலும், அது ஆவியானதும் மிஞ்சுவது கெட்டியாகிவிடும். அடுத்த தடவை அடிக்கும்போது அந்தப் பழைய படிவமே வழியை மறிக்கும். வாரா வாரம் துடைக்கத் தயாரானவருக்குச் சாதா செயினில் ஸ்ப்ரேயை நான் பரிந்துரைக்காததற்கு இதுதான் காரணம்.

90 ஆயில்: மலிவு, ஆனால் கைவேலை

கடையில் கேட்க வேண்டியது எஸ்ஏஇ 90 அல்லது 80டபிள்யூ-90 கியர் ஆயில். சர்வோ, எச்பி, காஸ்ட்ரோல், கல்ஃப் எதுவானாலும் சரி, செயினுக்கு அதில் பெரிய வேறுபாடு தெரியாது. பல வண்டிகளின் கையேட்டிலேயே செயினுக்கு இதைத்தான் எழுதியிருப்பார்கள். கந்தக நெடி கொஞ்சம் வரும், பயப்பட வேண்டாம்.

எல்லோரும் சறுக்குவது அளவில்தான். ஆயில் கேனைச் சாய்த்து செயின் மேல் ஊற்றினால் அடுத்த பத்து கிலோமீட்டரில் பாதி ஆயில் ரிம்மிலும் நம்பர் பிளேட்டிலும் பேன்ட்டிலும் இருக்கும். மருந்துக் கடையில் 10 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கி, ஊசியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்துச் சக்கரத்தைக் கையால் பின்பக்கமாகச் சுற்றுங்கள். செயினின் கீழ் ஓட்டத்தில், உள்பக்கமாக, அதாவது பல் படும் பக்கத்தில் சொட்டு விட வேண்டும். ஓடும்போது சுழற்சி வேகமே ஆயிலை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு போகும். வெளிப்பக்கம் விட்டால் அது நேராகக் காற்றில்தான் பறக்கும். ஒவ்வொரு கண்ணியிலும் இடது தட்டு இடுக்கில் ஒரு சொட்டு, வலது இடுக்கில் ஒரு சொட்டு. 150 சிசி வண்டிச் செயினில் ஏறக்குறைய 120 கண்ணி இருக்கும். ஒரு சொட்டு 0.05 மில்லி என்று வைத்தால் மொத்தமே 12 மில்லிதான் ஆகிறது. ஒரு லிட்டர் கேன் இந்தக் கணக்கில் எண்பது தடவைக்கு மேல் வரும்.

நேரமும் முக்கியம். காலையில் ஆயில் விட்டு உடனே கிளம்பினால் வீண். சாயங்காலம் வீடு திரும்பி, செயின் இன்னும் சூடாக இருக்கும்போதே விட்டுவிட்டு, காலையில் காய்ந்த பனியன் வேஸ்ட்டால் வெளிப்பக்கத்தை அழுத்தித் துடைத்துவிட வேண்டும். தட்டின் வெளி முகத்தில் விரல் வைத்தால் லேசாகப் பிசுபிசுக்க வேண்டும், வழியக் கூடாது. ரோலரில் ஆயில் இருந்தால் போதும், தட்டு முகத்தில் இருக்கும் ஆயில் மண்ணுக்குத்தான் உபயோகம்.

கெடுதலையும் சொல்ல வேண்டும். 300 முதல் 400 கிலோமீட்டருக்குள் இது காணாமல் போய்விடும். நல்ல மழையில் ஒரே நாளில் போகும். பின் டயர் ஓரத்தில் தெறித்தால் வளைவில் வழுக்கும். பின் டிஸ்க்கில் பட்டால் பிரேக் பேடே பாழ். ஆனால் தெறிக்கிற ஆயில் சும்மா போவதில்லை, ஒட்டிய மண்ணையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகிறது. தூசி நிறைந்த ரோட்டில் 90 ஆயில் ஜெயிப்பது இந்தக் 'குறை'யால்தான்.

முழுக் கவர் உள்ள வண்டிக்கு ஒரு குறிப்பு: கவரில் உள்ள ரப்பர் மூடியைக் கழற்றி, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே அந்த ஓட்டை வழியாகச் சொட்டு விடலாம். ஆனால் அதையே வருடக்கணக்கில் செய்துகொண்டிருக்கக் கூடாது. சர்வீஸுக்கு விடும்போது கவரை முழுதாகக் கழற்றச் சொல்லுங்கள். அடியில் சேர்ந்திருக்கும் கறுப்புச் சேறு அப்போதுதான் கண்ணில் படும்.

ஸ்ப்ரே: சுத்தம், ஆனால் மறைக்கும்

மோட்டூல் சி2, வெள்ளையாகப் படியும் சி4 ஆகியவை அதிகம் கிடைக்கின்றன. 90 ஆயில் ஒரு லிட்டர் வாங்கும் பணத்துக்கு ஏறக்குறைய 150 மில்லி டப்பா ஒன்று வரும். குழாயைச் செருகி, கீழ் ஓட்டத்தின் உள்பக்கத்தில் வைத்து, சக்கரத்தை இரண்டு சுற்று சுற்றினால் வேலை முடிந்தது. குறைந்தது அரை மணி நேரம் விட வேண்டும். கரைப்பான் பறக்காமல் வண்டியை எடுத்தால் ஸ்ப்ரேயும் ஆயில் மாதிரியே தெறிக்கும். 'ஸ்ப்ரே நல்லா இல்ல, எல்லாம் ரிம்ல அடிக்குது' என்று சொல்பவர்களில் பலர் பெட்ரோல் பங்க் போகும் அவசரத்தில் அடித்தவர்கள்தான்.

500, 600 கிலோமீட்டர் தாங்கும். மழையில் சீக்கிரம் கழுவிப் போகாது. ஓ-ரிங் செயினும், வாரக்கடைசியில் ஜிஎன்டி ரோட்டைப் பிடித்து ஆந்திரா பக்கம் ஓடும் பழக்கமும் இருந்தால் ஸ்ப்ரேயே பொருத்தம். நெடுஞ்சாலையில் தூசி குறைவு, வேகம் அதிகம், ஆயில் நிற்காது.

வம்பு எங்கே என்றால், ஸ்ப்ரேயின் பிசின் மண்ணைப் பிடித்தால் விடாது. திருவொற்றியூர், எண்ணூர் ரோட்டில் காற்றடிக்கும் மாதங்களில் மணல் அந்தப் பிசினோடு சேர்ந்து உப்புத்தாள் போலாகிவிடும். பழையதைக் கழுவாமல் அதன் மேலேயே திரும்பத் திரும்ப அடிப்பவர்கள், முன் செயின் வீல் கவரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். உள்ளே கைப்பிடி அளவுக்குத் தார் போன்ற கறுப்புக் கட்டி இருக்கும். ஸ்ப்ரே பயன்படுத்துபவர் 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறையாவது அந்தக் கவரைத் திறந்து ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி எடுத்தாக வேண்டும்.

வேண்டவே வேண்டாம் என்பவை

இன்ஜினிலிருந்து இறக்கிய வேஸ்ட் ஆயில்: அதில் உலோகத் தூளும் கரியும் கலந்திருக்கும், அதை விடுவதற்கு எதுவுமே விடாமல் இருக்கலாம். கிரீஸ்: மேலே அப்பினால் உள்ளே போகாது, மண் மட்டும் சேரும். சாதா செயினைக் கழற்றி, கழுவி, சூடான கிரீஸில் முக்கி எடுப்பது பழைய முறை, அது வேலை செய்யும். புல்லட் தயாரித்த திருவொற்றியூரில் அதைத் தெரிந்த மெக்கானிக்குகள் இன்னும் இருந்தால் ஆச்சரியமில்லை. ஓ-ரிங் செயினில் அதைச் செய்தால் சூட்டில் ரப்பர் போய்விடும். டபிள்யூடி-40 துருவை இளக்கும், ஈரத்தை விரட்டும். ஆனால் அதை மட்டும் நம்பி ஓட்ட முடியாது, மேலே ஆயில் விட்டே ஆக வேண்டும்.

கழுவுவதில்தான் கெட்டுப்போகிறது

கிருஷ்ணாயில் கிடைத்தால் அதுவே போதும். 100 மில்லி ஒரு டப்பாவில் எடுத்து, பழைய டூத் பிரஷ்ஷால் நாலு பக்கமும் தேய்த்து, துணியால் துடைப்பது. கிடைக்காதவர் டீசல் பயன்படுத்தலாம். பெட்ரோலும் தின்னரும் ஓ-ரிங்கை உப்பவைத்து வெடிக்கவைக்கும், கிட்டே கொண்டுபோகாதீர்கள். கம்பி பிரஷ்ஷும் ரப்பரைக் கிழிக்கும். கழுவி முடித்த அன்றே ஆயில் விட வேண்டும். கடலோரத்தில் வெறும் செயின் ஒரு ராத்திரி நின்றாலே துருப்பிடிக்க ஆரம்பித்துவிடும்.

வாட்டர் சர்வீஸ் கொடுப்பவர்கள் இரண்டு விஷயம் சொல்லிவிட்டு வண்டியை விடுங்கள்: பிரஷர் குழாயைச் செயினுக்கு நேராகப் பிடிக்க வேண்டாம், முடிந்ததும் பளபளப்புக்காக அடியில் ஆயில் ஸ்ப்ரே அடிக்க வேண்டாம். முதலாவது ஓ-ரிங்கைத் தாண்டித் தண்ணீரை உள்ளே தள்ளும், இரண்டாவது பிரேக்கில் படும்.

மழைக்காலத்தில் கணேசபுரம் சப்வே மாதிரி இடங்களில் முழங்கால் தண்ணீரில் தள்ளிக்கொண்டு வந்த வண்டிக்கு, அடுத்த ஞாயிறு வரை காத்திருக்கக் கூடாது. நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவி, துடைத்து, கிருஷ்ணாயில் காட்டி, அன்றே 90 ஆயில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்தது. அப்படிப்பட்ட தண்ணீரில் நின்ற செயின் ஆயில் போட்டதுபோல மினுங்கும், நம்பக் கூடாது. அந்தப் படலத்துக்கு அடியில் சேறும் ஈரமும் அப்படியே இருக்கும். ஸ்ப்ரே பூசிய செயினாக இருந்தாலும் அன்றைக்கு முழுக் கழுவல்தான்.

ஒன்று மட்டும் கண்டிப்பு: இன்ஜினை ஓடவிட்டு, முதல் கியரில் சக்கரம் சுற்றும்போது துணி பிடிக்காதீர்கள். துணியோடு விரலையும் செயின் வீல் இழுத்துக்கொள்ளும். சென்டர் ஸ்டாண்ட் இல்லாத வண்டிக்கு, பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்ட் வாங்குங்கள், இல்லையென்றால் வண்டியை அடி அடியாக முன்னே தள்ளித் தள்ளிச் செய்யுங்கள்.

டைட் வைக்கும்போது

எந்த ஆயில் போட்டாலும் தொய்வு தவறானால் பயனில்லை. சாதாரண வண்டிகளுக்குக் கீழ் ஓட்டத்தின் நடுவில் மேலும் கீழும் 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட வேண்டும். உங்கள் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே கணக்கு. செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. சக்கரத்தைச் சுற்றி, அதிக இறுக்கமாக வரும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே அளக்க வேண்டும். லூசான இடத்தில் அளந்து டைட் வைத்தால் இறுக்கமான இடம் வரும்போது கியர்பாக்ஸ் பேரிங் அடி வாங்கும். இரண்டு பக்க அட்ஜஸ்டரிலும் கோடு ஒன்றாக இருக்கட்டும். டிரம் பிரேக் வண்டியில் சக்கரம் பின்னால் நகர்ந்ததும் பிரேக் ராடு இறுகிவிடும், அதையும் தளர்த்தி வையுங்கள்.

மாற்ற வேண்டிய நேரத்தைக் கண்டுபிடிக்க ஸ்கேல் போதும். 428 என்ற அளவுச் செயினில் ஒரு 'பின்'னின் மையத்திலிருந்து 21-வது பின்னின் மையம் வரை புதிதில் 254 மில்லிமீட்டர், 520 செயினில் 317.5. செயினை இழுத்துப் பிடித்து நாலு இடத்தில் அளந்து பாருங்கள். இரண்டரை, மூன்று மில்லிமீட்டர் கூடியிருந்தால் புதுசுக்குப் பணம் ஒதுக்குங்கள். பல் கொக்கி போல வளைந்திருந்தால் அளக்கவே தேவையில்லை. புதுச் செயினைப் பழைய பல்லில் மாட்டி மிச்சம் பிடிக்கப் பார்த்தால் அந்தச் செயினும் சீக்கிரம் போகும், செயின், முன் வீல், பின் வீல் மூன்றையும் செட்டாக மாற்றுவதுதான் கணக்குக்கு ஒத்துவரும். மாட்டி முடிந்ததும் செயினின் இரு முனையையும் இணைக்கும் லாக் கிளிப்பைப் பாருங்கள்: மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும், பிளந்த முனை பின்னால்.