நாமக்கல்லில் புது பிரேக் பழக்கிய கதை

மெல்பர்னிலிருந்து ஊருக்கு வந்தால் அப்பாவின் காரில் கொல்லிமலை ஏறுவது எங்கள் வழக்கம். அடிவாரத்துக் காரவள்ளிக்கு மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள் என்பதால், முன் சக்கரங்களுக்குப் புது டிஸ்க்கும் (சக்கரத்தோடு சுழலும் தட்டு) அதை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடும் மாற்றச் சொல்லி ஒரு பெரிய சர்வீஸ் நிலையத்தில் காரை விட்டோம். குளிரூட்டிய அறை, காபி, கைப்பேசிக்கு உடனுக்குடன் தகவல் என்று உபசரிப்பில் குறையே இல்லை. புது பிரேக்கை எப்படிப் பழக்குவது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

மறுநாள் சேலம் போய் வந்த அப்பா, வேகத்தில் பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது என்றார். நிலையத்தைக் கேட்டால், "டிஸ்க் வளைந்திருக்கும், மாற்ற வேண்டும்" என்கிறார்கள். முந்தின நாள் போட்ட டிஸ்க்! எனக்கு ஆத்திரம் பொங்கியது.

லாரிக்குப் பாடி கட்டும் ஊரில் நல்ல மெக்கானிக்குக்குப் பஞ்சமில்லை. சேந்தமங்கலம் சாலையில் ஒரு சிறிய பட்டறை. பெரியவர் சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கின் பளபளப்புக்கு நடுவே பேடின் வடிவத்திலேயே படிந்திருந்த சாம்பல் திட்டைக் காட்டினார்.

"இது வளையவில்லை தம்பி. பேட் பழகுவதற்குள், சூட்டோடு பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி வண்டி எங்கோ நின்றிருக்கிறது. அந்த இடத்தில் அப்பிக்கொண்டது."

அப்பாவுக்குச் சேலத்துச் சிக்னல் நினைவுக்கு வந்தது.

பேடின் பொருள் டிஸ்க் முழுதும் மெல்லிய படலமாக ஒரே சீராகப் படிய வேண்டும். புது பிரேக்குக்குப் பிடிப்பைத் தருவதே அதுதான். திட்டுத் திட்டாகப் படிந்தால் நடுக்கம். பெரியவர் டிஸ்க், பேட் இரண்டையும் உப்புத்தாளால் தேய்த்து, கிளீனர் அடித்துத் துடைத்தார். டிஸ்க் உட்காரும் இடத்துத் துருவையும் சுரண்டி எடுத்தார். பூட்டியபின், கார் நகருமுன் பெடலை இறுகும்வரை மிதித்தார்.

விடியற்காலையில், பின்னால் வண்டி வராத நேரம் பார்த்து என்னை ஓட்டச் சொன்னார். மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 15 வரை அழுத்தமாக, ஆனால் ஒரே சீராகக் குறைக்க வேண்டும். முழுதாக நிற்கக் கூடாது. மறுபடி வேகமெடுத்து, சற்று ஆறவிட்டு, மீண்டும் அதே. பத்து முறை. லேசான தீய்ந்த வாடை வந்தது. அது இயல்புதான் என்றார். பிறகு சில கிலோமீட்டர் பிரேக்கைத் தொடாமலே ஓட்டி ஆறவிட்டோம்.

கொல்லிமலையில் அவர் சொன்னபடி இரண்டாவது கியரிலேயே இறங்கினோம். ஸ்டியரிங் ஒரு வளைவில்கூட நடுங்கவில்லை.

அந்த நிலையத்துக்கு எழுதியிருக்கிறேன்: பிரேக் மாற்றினால் உங்கள் ஆளே ஓட்டிப் பழக்கித் தரட்டும், முடியாவிட்டால் செய்முறையைத் தமிழில் அச்சிட்டுச் சாவியோடு கொடுங்கள்.