2.5 அங்குல டிரெட்ஜ்: அலாஸ்காவின் குளிர்ந்த ஆற்றில் எப்படி இருக்கிறது?

அலாஸ்காவில் பொழுதுபோக்காகத் தங்கம் அரிக்க வருகிறவர்கள் கையால் அரிக்கும் தட்டிலிருந்து டிரெட்ஜுக்கு (ஆற்றடிச் சரளையை ஹோஸால் உறிஞ்சித் தங்கத்தைப் பிரிக்கும் மிதக்கும் மெஷின்) மாறும்போது எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான், ஹோஸ் விட்டம் 2.5 அங்குலம் வாங்கலாமா 4 அங்குலம் வாங்கலாமா என்று. என்னைக் கேட்டால் 2.5 தான். இந்த ஊர் ஆறுகளில் நம்மைக் கரைக்கு விரட்டுவது குளிர்தான், உறிஞ்சும் வேகம் போதாமல் யாரும் வேலையை நிறுத்தியதாக நான் பார்த்ததில்லை. ஹோஸின் விட்டம் 4 ஆனால் வாய்ப் பரப்பு இரண்டரை மடங்கு கூடும், சரிதான், ஆனால் அதற்கேற்ற பம்பும் எஞ்சினும் மிதவையும் கூடவே வரும், அதைக் கரையிலிருந்து இறக்கி ஏற்றவே பாதி நாள் போய்விடும்.

நான் வாங்கியது பழைய மெஷின், பெயர்த்தகடு தேய்ந்து போயிருந்தது, அதனால் எந்த கம்பெனி என்று சொல்வதற்கில்லை. இந்த அளவில் வருகிற எல்லாமே ஏறக்குறைய ஒரே அமைப்புதான். இரண்டு மிதவை, மேலே சின்ன 4-ஸ்ட்ரோக் எஞ்சின், அதோடு சேர்ந்த பம்பு, பின்னால் சரளையைத் தண்ணீரோடு ஓடவிட்டுத் தங்கத்தைத் தடுத்து நிறுத்தும் சரிவான ஸ்லூயிஸ் பெட்டி. பம்பு ஆற்றுத் தண்ணீரை அழுத்தத்தோடு ஜெட் குழாய்க்குள் பீய்ச்சும். அந்த வேகத்தில் பின்னால் அழுத்தம் குறைந்து, ஹோஸ் வழியாகச் சரளையும் மணலும் இழுபட்டு மேலே வரும். கல் எதுவும் பம்புக்குள் போவதே இல்லை, அதனால்தான் இவ்வளவு சின்ன பம்பு வருஷக்கணக்கில் தாங்குகிறது. மேலே வந்த சரளை ஸ்லூயிஸில் ஓடும்போது தண்ணீரைவிட 19 மடங்கு கனமான தங்கம் ரிஃபிள் தடுப்புகளுக்குப் பின்னால் கம்பளத்தில் இறங்கிவிடும், குவார்ட்ஸ் இரண்டரை மடங்கு சொச்சம்தான் என்பதால் அது தண்ணீரோடு போய்விடும். கூடவே தங்குவது கனமான கருமணல்.

நான் அதிகம் ஓட்டியது கீனாய் தீபகற்பத்தில் ஹோப் ஊருக்குப் பக்கத்தில் ஓடும் ரெசரெக்‌ஷன் கிரீக்கில். 1890களில் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்து தோண்டிய ஆறு அது, இன்னமும் பொடித் தங்கம் கிடைக்கிறது. சுகாச் தேசியக் காட்டுக்குள் பொதுமக்களுக்கென்று ஒதுக்கிய பகுதி இருக்கிறது, அதைத் தாண்டினால் மற்றவர்கள் கிளெய்ம் (தங்கம் எடுக்கும் உரிமை) வைத்திருக்கும் இடம், அங்கே கை வைக்கக் கூடாது. பொதுப் பகுதியில் டிரெட்ஜ் ஓட்ட மே 15 முதல் ஜூலை 15 வரைதான் அனுமதி, நாசில் (ஹோஸின் உறிஞ்சும் வாய்) 4 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, மாநில மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டும் கையில் இருக்க வேண்டும். சால்மன் முட்டையிட வரும் ஆறு என்பதால் இந்தக் கெடு. இதைத் தொந்தரவாக நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. சரளைக்குள் முட்டை கிடக்கும்போது நாம் அதே சரளையை உறிஞ்சினால் அந்த வருஷத்து மீனே போச்சு.

இப்போது அந்தத் தேதிகளை யோசித்துப் பாருங்கள். மே மாதக் கடைசியில் நிழலான கரையில் பனி கிடக்கும், ஓடுவதெல்லாம் மலையில் உருகிய தண்ணீர். கை வைத்தால் சுடுகிற மாதிரி வலிக்கும், கொஞ்ச நேரத்தில் வலியும் போய் மரத்துவிடும். ஓட்டுவதற்கு இருப்பதே இந்த மாதங்கள்தான், அதனால் தண்ணீரில் எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது என்பதுதான் நீங்கள் எடுக்கும் தங்கத்தின் அளவு. டிரெட்ஜுக்குச் சில ஆயிரம் டாலர் ஒதுக்கியிருந்தால், 4 அங்குலத்துக்குப் போகும் பணத்தில் தண்ணீர் புகாத நல்ல டிரைசூட்டும் தடித்த நியோப்ரீன் கையுறையும் வாங்குங்கள் என்று அடித்துச் சொல்வேன். நோம் கடற்கரைப் பக்கம் குளிர்காலத்தில் பெரிங் கடலின் பனியைத் துளைத்து உள்ளே இறங்கி டிரெட்ஜ் ஓட்டுகிறவர்கள் தங்கள் உடைக்குள் வெந்நீரை ஹோஸ் வழியாக விட்டுக்கொண்டே வேலை செய்கிறார்கள், அந்த வெந்நீர் நின்றால் வேலையும் நின்றது. நமக்கு அவ்வளவு வேண்டாம், ஆனால் பாடம் அதேதான். உடம்பு நடுங்கும்வரை பரவாயில்லை, கரையேறிச் சூடு பண்ணிக்கொள்ளலாம். ஈரத்திலேயே நிற்கும்போது நடுக்கம் தானாக நின்று, கிளிப்பைக்கூடப் போட முடியாமல் விரல் தடுமாறினால் அது ஆபத்து. தனியாகப் போகாதீர்கள். இடுப்பு வரை வேடர்ஸ் (பூட்ஸோடு சேர்ந்த, தண்ணீர் புகாத கால்சட்டை) போட்டு நிற்கிறவர்கள் பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள், கால் வழுக்கினால் உள்ளே தண்ணீர் நிறைந்து எழுந்திருக்க விடாது.

சரி, மெஷினுக்கு வருவோம். எஞ்சின் பற்றிக் குறையே இல்லை, குளிர்ந்த காலையில் சோக்கை இழுத்துவிட்டால் சீக்கிரமே பிடித்துக்கொள்கிறது. பம்பு அப்படியில்லை. தண்ணீர் இழுக்கும் குழாயின் அடி நுனியில் இருக்கும் ஃபுட்வால்வில் ஒரு சின்னக் கூழாங்கல் மாட்டினாலும் தண்ணீர் பிடிக்காது, காற்று அடைத்துக்கொள்ளும், ஒவ்வொரு முறையும் வாளியால் ஊற்றி நிரப்பிப் பிடிக்க வைக்க வேண்டும். ஃபுட்வால்வை ஓட்டை போட்ட வாளிக்குள் வைத்து ஆற்றில் இறக்கினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

எனக்கு உண்மையிலேயே எரிச்சல் தந்தது ஹோஸ். கடையில் வளைத்துப் பார்க்கும்போது நன்றாக வளையும், ஐஸ் மாதிரித் தண்ணீரில் கிடந்தால் விறைத்துக்கொண்டு நாம் திருப்புகிற பக்கம் வராது, அதோடு மல்லுக்கட்டியே தோள் வலி வந்துவிடும். தட்டையான கல் ஜெட்டுக்கு முன்னால் குறுக்கே மாட்டிக்கொள்வதும் உண்டு. நாசில் வாயில் ஹோஸைவிடச் சற்றுச் சின்ன வளையம் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள், அது இருந்தால் பெரிய கல் உள்ளே நுழையாது. அதையும் மீறி மாட்டினால் ஜெட்டின் வெளிவாயைக் கையால் அடைத்துப் பிடியுங்கள், தண்ணீர் திரும்பி ஹோஸ் வழியாகப் பாய்ந்து கல்லைத் தள்ளிவிடும். உள்ளே தெரிகிற மாதிரி ஹோஸ் என்றால் எங்கே மாட்டியிருக்கிறது என்று தேட வேண்டியதில்லை.

ஸ்லூயிஸ்தான் இந்தச் சின்ன டிரெட்ஜ்களின் பலவீனம். நீளம் குறைவு, தண்ணீர் வேகம் அதிகம், மாவு மாதிரி இருக்கும் தங்கம் நிற்காமல் போய்விடும். ஓர் அடி நீளத்துக்கு ஓர் அங்குலம் சரிவு என்று தொடங்கி, ரிஃபிளுக்குப் பின்னால் கருமணல் மெதுவாகச் சுழல்கிறதா என்று பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். மணல் இறுகிக் கட்டிவிட்டால் சரிவு போதவில்லை, கம்பளம் வெறுமையாகத் தெரிந்தால் சரிவு அதிகம். பின்னால் விழும் கழிவு மணலை அவ்வப்போது தட்டில் அரித்துப் பார்ப்பது கட்டாயம். ரிஃபிளில் மீன்பிடிக்காரர்கள் விட்ட ஈயக்குண்டு கிடந்தால் எனக்கு நிம்மதி, கனமானது நிற்கிறது என்பதற்கு அது சாட்சி. பெட்டியின் தலைப்பகுதியில் வரி போட்ட கறுப்பு ரப்பர் மேட் ஒன்றை வைத்தேன், தங்கம் இருக்கிறதா இல்லையா என்று எஞ்சினை நிறுத்தின உடனே கண்ணில் தெரிகிறது. புதிதாக வாங்கும் மெஷினிலேயே இதைக் கொடுத்துவிட்டால் என்ன கெட்டுப்போகிறது?

டிரெட்ஜ் தங்கத்தைக் கண்டுபிடிக்காது, நீங்கள் காட்டிய இடத்துச் சரளையை வேகமாக நகர்த்தும், அவ்வளவுதான். வளைவின் உட்புறம், பெரிய பாறையின் கீழ்நீர்ப் பக்கம், அடிப்பாறையின் விரிசல், இவற்றை முதலில் தட்டால் அரித்துப் பாருங்கள். 2.5 அங்குல நாசில் விரிசலுக்குள் நுழையும் அழகே தனி, கம்பியால் களிமண்ணைக் கிளறிவிட்டால் அப்படியே இழுத்துக்கொள்கிறது, என் நல்ல துணுக்குகள் எல்லாம் அப்படி வந்தவைதான். பெரிய உருண்டைக் கல்லின் அடியை மட்டும் தோண்டாதீர்கள், தாங்கும் சரளை போனதும் அது உருண்டு நம்மேல் சாயும். காற்றில்லாத பள்ளத்தாக்கில் எஞ்சின் புகை குளிர்ந்த தண்ணீர் மேலேயே படுத்துக் கிடக்கும், தலை வலித்தால் உடனே நிறுத்திவிட்டு விலகி வாருங்கள். பெட்ரோலைக் கரையில் வைத்து ஊற்றுங்கள், அடியில் உறிஞ்சும் துணி போட்டு.

கம்பளத்தை அலசிய மணலை அங்கேயே அரிக்காமல் வாளியோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவது நல்லது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டால் மிதக்கிற பொடியும் அடியில் இறங்கும். நாள் முழுக்க உழைத்தாலும் தட்டின் ஓரத்தில் மெல்லிய மஞ்சள் கோடுதான் பல நாள் மிச்சம், அதிலும் ஆற்றுத் தங்கம் என்பதால் வெள்ளி கலந்திருக்கும். இதை வைத்து மெஷின் காசை எடுத்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் வாங்க வேண்டாம். வெள்ளி மாதிரிப் பளபளக்கும் துணுக்கு வந்தால் அதன்மேல் அந்தக் காலத்துப் பாதரசம் ஒட்டியிருக்கலாம், அதை வீட்டு அடுப்பில் சூடாக்கவே கூடாது.

பழையது வாங்கப் போகிறவர்கள் பம்பின் உடலை, முக்கியமாக அடிப்பக்கத்தை, டார்ச் அடித்துத் தடவிப் பாருங்கள். சீசன் முடிந்து தண்ணீரை வடிக்காமல் கொட்டகையில் போட்டிருந்தால் குளிர்காலத்தில் உள்ளே உறைந்து முடி மாதிரி விரிசல் விட்டிருக்கும், பெயின்ட் அடித்து மறைத்தும் விற்கிறார்கள். தண்ணீர் ஊற்றி எஞ்சினை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், சாக்குப் போக்கு சொன்னால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.