ஊற்றுவதா, அடைப்பதா, கழற்றுவதா? கியர்பாக்ஸ் ஆயில் கசிவுக்கு மூன்று வழிகள்

வண்டி நின்ற இடத்தில் சிவப்பாக நான்கு சொட்டு. விரலால் தொட்டு வெள்ளைத் தாளில் தேய்த்துப் பாருங்கள். தெளிந்த சிவப்பென்றால் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்தான். பழுப்பேறித் தீய்ந்த வாடை அடித்தால், ஆயில் உள்ளே சூட்டில் வெந்திருக்கிறது என்று பொருள்.

குறைந்ததை ஊற்றிக்கொண்டே ஓட்டுவது பலரும் முதலில் எடுக்கும் வழி. வாரக்கணக்கில் ஒரு சொட்டு என்றால் நானும் குறை சொல்ல மாட்டேன். சிக்கல் என்னவென்றால், இந்த ஆயில் வெறும் வழவழப்புக்காக இல்லை. இதன் அழுத்தம்தான் உள்ளே இருக்கும் கிளட்சுகளை இறுக்கிப் பிடிக்கிறது. அளவு இறங்கினால் பிடி நழுவும்: எஞ்சின் இரையும், வண்டி நகராது. லாரியை முந்தும்போதோ நாற்சந்தியின் நடுவிலோ அது நேர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். பல வண்டிகளில் இதன் அளவு குறைவதைச் சொல்ல எச்சரிக்கை விளக்கும் கிடையாது. சொட்டுகிற ஆயில் சூடான புகைக்குழாயில் பட்டால் முதலில் புகை, பிறகு தீப்பிடிக்கவும் கூடும். பயந்துபோய் அளவுக்கு மீறி ஊற்றுவோரும் உண்டு. ஆயில் நுரைத்துக் காற்றுத்துளை வழியே பொங்கி வழியும், அவரோ கசிவு முற்றிவிட்டது என்று இன்னும் ஊற்றுவார்!

கசிவை அடைப்பதாகச் சொல்லி விற்கப்படும் திரவங்கள் இரண்டாவது வழி. ஆயில் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் வளையத்துக்கு சீல் என்று பெயர். வயதாகி விறைத்த சீல்களை இவை இளக்கி, சற்றே உப்ப வைக்கின்றன. அந்த ஒரு நோய்க்கு மட்டும் கொஞ்ச காலம் கேட்கும். கிழிந்த சீல், விரிசல் விட்ட சம்ப் (அடியில் ஆயில் தேங்கும் தட்டு), துருப்பிடித்த கூலர் குழாய் (ஆயிலைக் குளிர்விக்கக் கொண்டுபோகும் குழாய்) எதற்கும் உதவாது. நன்றாக இருக்கும் மற்ற சீல்களையும் அதே திரவம்தான் நனைக்கிறது என்பதால், விரைவில் கைவிடப்போகும் வண்டியைத் தவிர வேறெதிலும் இதை நான் ஊற்ற மாட்டேன்.

மிஞ்சுவது கழற்றி மாற்றுவது. இதிலும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு. சம்ப் கேஸ்கெட் (சம்புக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் அடைப்பு) என்றால் சில போல்ட்டுகள், கூடவே ஃபில்டர், சில மணி நேர வேலை. ஆனால் போல்ட்டை வெறிகொண்டு முறுக்கினால் சம்பின் விளிம்பு வளைந்து, புது கேஸ்கெட்டும் ஒழுகும். எஞ்சின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் முன்பக்க சீல் என்றால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். கையளவு ரப்பர் வளையத்துக்கு முழுநாள் கூலி. அதனால் மெக்கானிக்கிடம் "எந்த சீல்?" என்று கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஓட்டத்தில் ஆயில் காற்றோடு பின்னுக்குப் பரவும். ஈரமான இடமே ஒழுகும் இடம் ஆகாது. அடிப்பகுதியைத் துடைத்து, சிறிது ஓட்டி, மறுபடி பார்த்தால்தான் ஊற்றுக்கண் தெரியும். பார்க்கப் போகிறவர் ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்க வேண்டாம், வண்டிக்கு ஸ்டாண்டும் முட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

கியர் நழுவினாலோ புகை வந்தாலோ மூன்றையும் மறந்துவிட்டு, நான்கு சக்கரமும் தரையில் படாமல் வண்டியை ஏற்றிச் செல்லச் சொல்லுங்கள். தரையில் சொட்டே இல்லாமல் ஆயில் குறைகிறதா? ரேடியேட்டர் தண்ணீரைப் பாருங்கள். இளஞ்சிவப்புப் பால் போலக் கலங்கியிருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் உள்ளுக்குள் உடைந்திருக்கிறது. அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது.