யுடிஐடி அட்டை: பள்ளிப் பிள்ளைகளுக்கு எவ்வளவு தூரம் உதவுகிறது?

யுடிஐடி என்பது மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் தனித்துவ அடையாள அட்டை. சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்கு இந்த அட்டை அவசியமா என்று கேட்டால், அவசியம்தான். கட்டணம் கிடையாது. பத்தாம் வகுப்பு வரட்டும் என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

இந்த அட்டைக்கான மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பிப்பது சுலபம். சிக்கல் பெரும்பாலும் பெயரில்தான் வருகிறது. ஆதாரில் இனிஷியல் முன்னால், பிறப்புச் சான்றிதழில் பின்னால், பள்ளிப் பதிவேட்டில் வேறு எழுத்து என்று இருந்தால், பின்னால் தேர்வுச் சலுகை கேட்கும்போது இடிக்கும். மூன்றையும் முதலில் ஒன்றாக்கிவிட்டு விண்ணப்பியுங்கள். எப்போதும் கையில் இருக்கும் கைப்பேசி எண்ணையே கொடுங்கள்.

அடுத்து, பிள்ளையைப் பரிசோதித்துக் குறைபாட்டுச் சான்று தரும் மருத்துவமனையைத் தேர்வு செய்ய வேண்டும். பக்கத்தில் இருக்கிறதே என்று எதையாவது தேர்வு செய்யாதீர்கள். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு என்றால் மனநல மருத்துவரும் உளவியலாளரும் இருக்கும் இடம் வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனையோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ நல்லது. பழைய பரிசோதனைத் தாள்களைத் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துப் போங்கள்.

அதிகம் அலைய வைப்பது கற்றல் குறைபாடு. 8 வயது முடிவதற்கு முன் சான்று தரமாட்டார்கள். முதலில் கண், காது பரிசோதனை. பிறகு ஐக்யூ எனப்படும் நுண்ணறிவு அளவு, அது 85-க்கு மேல் இருக்க வேண்டும். அதன் பிறகே கற்றல் குறைபாட்டைக் கண்டறியும் நிம்ஹான்ஸ் தேர்வுத் தொகுப்பு. கண், காது அறிக்கை இல்லாமல் போனால் அன்றைய பயணம் வீண். மறுபரிசோதனை 14 வயதிலும் 18 வயதிலும். 14 என்பது ஏறக்குறைய ஒன்பதாம் வகுப்பு. அப்போதே புதுப்பித்துவிட்டால் பத்தாம் வகுப்பில் கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகியவற்றுக்குத் தலைமை ஆசிரியர் வழியாகக் காலத்தோடு விண்ணப்பிக்கலாம். காலாவதியான சான்றோடு தேர்வு நெருக்கத்தில் ஓடுவது பிள்ளைக்குச் செய்யும் கொடுமை. அறிவுசார் குறைபாட்டுக்குப் புதுப்பிக்கும் வயது 5, 10, 18.

அட்டை கைக்கு வந்ததும் குறைபாட்டின் சதவீதத்தைப் பாருங்கள். அட்டையின் நிறம் அதைப் பொறுத்தது. 2024 விதித் திருத்தத்துக்குப் பிறகு 40-க்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி என்கிறது. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது குடும்பத்தின் விருப்பம். அந்த 2024 திருத்தம், சான்று வழங்குவதற்கான கெடுவை ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதமாக நீட்டியது. ஜூன் சேர்க்கையை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு இது பெரிய அநியாயம். ஜனவரியிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

அட்டை இல்லாததால் சேர்க்க முடியாது என்று பள்ளி சொன்னால் ஏற்காதீர்கள். பாகுபாடில்லாமல் சேர்க்கச் சொல்லும் அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவில் 40 சதவீத நிபந்தனையே இல்லை. மறுப்பை எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்தோடு மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் கொடுக்கலாம்.

இந்த அட்டையின் பெரிய குறை, அது ஆசிரியரைக் கொண்டு வராது என்பதுதான். தொடக்க வகுப்புகளில் 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15-க்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொன்னது. நடப்பில், ஒரே சிறப்பாசிரியர் பல பள்ளிகளுக்குப் போய்வருகிறார். அதனால் அட்டை எண்ணைப் பள்ளியில் கொடுத்து, பள்ளிக்கல்வித் துறையின் இணையப் பதிவேடான எமிஸில் சிறப்புத் தேவைக் குழந்தை என்று பதிவாகியிருக்கிறதா எனப் பாருங்கள். பிறகு வட்டார வள மையத்துக்குப் போய், சிறப்பாசிரியர் உங்கள் பள்ளிக்கு வாரத்தில் எந்த நாள் வருகிறார், இயன்முறைச் சிகிச்சை எங்கே, பயணப் படி உண்டா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.