கையேடா, ரியூட்டோரியலா, அடிவாங்கிப் பழகுவதா?

அக்காவின் மகனுக்கு ஒன்பது வயது. ஆவணி விடுமுறைக்குக் கோண்டாவிலுக்கு வந்து எங்களோடு நின்றான். தமிழ் மீடியம். ஆங்கிலம் எழுத்துக்கூட்டி வாசிப்பான். ஆனால் கேம் தொடங்கித் திரையில் நாலு வரி வந்து நின்றால் வாசிக்கமாட்டான். எந்தப் பட்டனை அமத்தினால் அந்த எழுத்து போகும் என்றுதான் பார்ப்பான். போன பிறகு சுவரோடு முட்டிக்கொண்டு நின்று, "மாமா, இப்ப என்ன செய்யிறது?" என்று கேட்பான்.

அவனைப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. அந்த வயதில் நானும் அதே சுவரோடுதான் முட்டினேன். கனடாவிலிருந்து வந்த மச்சான் திரும்பிப் போகும்போது தன் நின்ரெண்டோ ஸ்விச் கேம் பெட்டியை விட்டுப் போயிருந்தான். அதில் ஒவ்வொரு கேமாகப் போட்டுக் கொடுத்து, எது இவனுக்குப் பழக்குகிறது, எது இவனிடம் தோற்கிறது என்று இரண்டு கிழமை பக்கத்திலிருந்து பார்த்தேன். என் அளவுகோல் ஒன்றுதான்: எழுத்தை எடுத்துவிட்டால் மிச்சம் எவ்வளவு விளங்கும்? இங்கே கேம் விளையாடி வளர்ந்தவர்களுக்கு இதைவிட நேர்மையான சோதனை கிடையாது.

கேம் தன்னைப் பழக்க மூன்று வழி உண்டு. முதலில் கையேடு. 1980களிலும் 90களிலும் கேம் வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகமும் வரும். கதை, பட்டன் விளக்கம், எதிரிகளின் படம், சிலவற்றில் வரைபடம். கேமுக்குள் எழுத்து வைக்க இடம் காணாத காலம், அதனால் பாதி கேம் தாளில் இருந்தது. அந்தத் தாள் பூட்டாகவும் வேலை செய்தது. 1990இல் வந்த 'த சீக்ரட் ஒஃப் மங்கி ஐலண்ட்' தொடங்கும்போது ஒரு கடற்கொள்ளைக்காரனின் முகத்தைக் காட்டும். பெட்டியோடு வந்த அட்டைச் சக்கரத்தைச் சுற்றி, அவனுக்குரிய ஆண்டைக் கண்டுபிடித்து அடித்தால்தான் உள்ளே விடும். கொப்பி அடிக்கிறவர்களுக்கு வைத்த ஆப்பு.

அந்த ஆப்பு எங்களுக்கும் ஒருமுறை இறங்கியது. 2002இல் யாழ்ப்பாணம் வரும் ஏ9 பாதை திறந்த பிறகு கொழும்பிலிருந்து கொப்பி சீடிகள் வரத் தொடங்கின. பிளேஸ்ரேசன் வைத்து மணித்தியாலக் கணக்குக்கு விளையாட விட்ட கடை ஒன்றில் நாங்கள் 'மெட்டல் கியர் சொலிட்' விளையாடினோம். 1998இல் வந்தது. அதில் ஒரு கட்டத்தில் மெரில் என்ற பெண்ணோடு ரேடியோவில் கதைக்கவேண்டும். அலைவரிசை எண் என்ன? சீடிப் பெட்டியின் பின்பக்கத்தில் இருக்கிறது என்று கேமுக்குள் இருக்கும் ஆள் சொல்கிறான். உண்மையாகவே கடையில் விற்ற பெட்டியின் பின்பக்கத்துப் படத்தில்தான் அந்த எண் இருந்தது. எங்கள் சீடியோ வெள்ளைத் தாள் உறையில், மார்க்கரால் பெயர் எழுதி வந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தோம். வெள்ளைத் தாளுக்கு இரண்டு பக்கமும் வெள்ளை. கேமுக்குள்ளேயே ஒரு டிஸ்க் கையில் கிடைக்கும், அதையாக்கும் சொல்கிறான் என்று அதைத் திறக்கப் பார்த்ததில் அரை மணித்தியாலக் காசு போனது. கடைசியில் யாரோ ஒருவர் எங்கிருந்தோ அறிந்துவந்து சொல்ல, கடைக்கார அண்ணை ரிவிக்குப் பக்கத்துச் சுவரில் பேனையால் 140.15 என்று எழுதிவிட்டார். பிறகு அந்தச் சுவரில் வேறு எண்களும் சேர்ந்தன. எங்களுக்குக் கிடைத்த முதல் கையேடு அந்தச் சுவர்தான்.

ஆனாலும் கையேட்டைக் குறை சொல்ல மனம் வருவதில்லை. கறண்ட் இல்லாதபோதும் வாசிக்கலாம், பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகலாம், நாளைக்கு என்ன செய்வதென்று படுத்துக்கொண்டு யோசிக்கலாம். கறண்ட் போய்ப் போய் வந்த ஊருக்கு மிகவும் பொருத்தமான பொருள், எங்களுக்கு மட்டும் கிடைக்கவில்லை. 2010இல் யூபிசொஃப்ற் தாளில் கையேடு அச்சிடுவதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. மற்றக் கொம்பனிகளும் பின்னால் போயின.

கையேடு செத்த பிறகு அதை வைத்தே ஒரு கேம் வந்திருக்கிறது: 2022இல் வந்த 'ரியூனிக்'. குட்டி நரி ஒன்று வாளோடு அலையும். வழியில் கையேட்டின் பக்கங்கள் ஒவ்வொன்றாகக் கிடைக்கும், ஆனால் அவற்றில் இருப்பது எந்த நாட்டிலும் இல்லாத எழுத்து. இடைக்கிடை ஓரிரண்டு ஆங்கிலச் சொல். மற்றபடி படம், அம்புக்குறி, ஓரத்தில் யாரோ பேனையால் கிறுக்கிய அடையாளம். வெள்ளைக்காரப் பிள்ளைக்கு இது புதுமையாக இருக்கலாம். மருமகனுக்கு இது ஒவ்வொரு நாளும் நடப்பது! படத்தில் நரி எங்கே நிற்கிறது, அம்புக்குறி எந்தப் பக்கம் போகிறது என்று மூக்குத் திரையில் முட்டப் பார்த்தான். எனக்கு முதல் அவனுக்கு விளங்கிவிட்டது. அந்தப் பக்கங்கள் சொல்லும் சில வித்தைகள் தொடக்கத்திலிருந்தே நரியின் கையில் இருந்தவை. யாரும் சொல்லாததால் தெரியாமல் இருந்தவை. அது தெரியவந்தபோது அவன் கொன்ரோலரைக் கீழே வைத்துவிட்டு எழும்பி ஒரு சுற்று நடந்தான்.

அடுத்தது கேமுக்குள்ளேயே வரும் பயிற்சி, ரியூட்டோரியல். இந்தச் சொல்லைக் கேட்டால் எங்கள் பக்கத்தில் முதலில் நினைவு வருவது ரியூட்டறி. பொருத்தமும் அப்படித்தான். சில கேம்கள் முதல் பத்து நிமிடத்துக்குள் முழுப் பாடத்தையும் சொல்லி முடித்துவிடும். மைக்கில் நோட்ஸ் சொல்லிக்கொண்டு போகிற ரியூசன் வாத்தியார் போல. எழுதுகிறவன் எழுதிக்கொண்டிருப்பான், விளங்கியதா என்று யாரும் கேட்பதில்லை.

போன் கேம்கள் இதை இன்னும் கெடுத்துவிட்டன. திரை முழுவதையும் இருட்டாக்கி, ஒரு பட்டனை மட்டும் ஒளிரவிட்டு, ஒரு கை வந்து "இங்கே அமத்து" என்று காட்டும். வேறு எங்கே அமத்தினாலும் வேலை செய்யாது. எழுத்து வாசிக்காத பிள்ளைக்கும் இது சரிவருகிறது. என் அளவுகோலில் வென்றுவிட்டது என்றே சொல்லவேண்டும். ஆனால் கை மறைந்த அடுத்த நிமிடம் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. அவன் பழகியது கையின் பின்னால் போக மட்டும். இதில் இன்னொரு கள்ளமும் உண்டு. கட்டடம் கட்டி முடியக் காத்திருக்கவேண்டும், "காத்திராதே, இந்தா இரத்தினக்கல், செலவழித்து உடனே முடி" என்று அந்தக் கை பழக்கும் கேம்கள் பல. பிறகு காசுக்கு விற்கப்போகிற கல்லைத்தான் முதல் பாடத்தில் இனாமாகத் தருகிறார்கள்.

மோசமான ரியூட்டோரியலுக்கு என் வாக்கு 1999இல் வந்த 'டிறைவர்' கேமுக்கு. கதைக்குள் போகமுதல் ஒரு கார்த் தரிப்பிடத்தில் சோதனை. அறுபது செக்கனுக்குள் பட்டியலில் உள்ள வித்தை எல்லாம் காட்டவேண்டும். அந்தப் பட்டியலில் 'சிலாலம்' என்று ஒன்று. என்ன சாமான் அது? கூட்டாளி ஒருவன் அகராதி பார்த்துவந்து, பனிச்சறுக்கில் வளைந்து வளைந்து போவது என்றான். யாழ்ப்பாணத்தில் பனியைப் பனிக்கூழில்தான் கண்டிருக்கிறோம். தூண்களுக்கு இடையே வளைந்து ஓடு என்பதற்குத்தான் இவ்வளவு பாடு. கேமிலேயே கடினமான இடங்களில் ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு அதற்குப் பயிற்சி என்று பெயர். எங்களில் பாதிப்பேர் கதையைக் காணவே இல்லை. நகரத்தில் சும்மா ஓடித் திரிகிற பகுதியிலேயே திருப்திப்பட்டுக்கொண்டோம்.

நல்லதுக்கு உதாரணம் 'போர்ட்டல்'. 2007. சுவரில் ஒரு வாசல், இன்னொரு சுவரில் இன்னொரு வாசல், ஒன்றால் புகுந்து மற்றதால் வெளியே வரலாம். அவ்வளவுதான் கேம். ஆனால் அந்த இரண்டு வாசலையும் உடனே கையில் தரமாட்டார்கள். முதல் அறையில் பெட்டியைத் தூக்கிப் பட்டனில் வைத்தால் கதவு திறக்கும். பிறகு வாசல் திறக்கிற துவக்கு கிடைக்கும்போதும் ஒரு வாசல்தான் உங்கள் கையில். மற்றதை அறையே வைத்திருக்கும். 11 என்று எண் போட்ட அறையில்தான் இரண்டாவதும் கைக்கு வருகிறது. இயந்திரக் குரல் ஒன்று இடைவிடாமல் ஆங்கிலத்தில் கதைத்துக்கொண்டே இருக்கும். அதன் நக்கல் எல்லாம் மருமகனுக்குத் தவறிப்போனது, புதிர் ஒன்றும் தவறவில்லை.

சொல் இல்லாமல் பழக்குவதில் மூத்தது 'சூப்பர் மாரியோ பிறதர்ஸ்', 1985. முதல் லெவலைப் பற்றி எழுதாதவர் இல்லை. உருவாக்கிய மியமோட்டோவும் தெசுக்காவும் 2015இல் ஒரு பேட்டியில் இடம் இடமாகவே விளக்கியிருக்கிறார்கள். எல்லாரும் சொல்வது காளானைத்தான். பெட்டியை முட்டினால் காளான் வெளியே வந்து வலப்பக்கம் ஓடும், குழாயில் மோதித் திரும்பி உங்களை நோக்கி வரும். பயந்து பாய்ந்தாலும் மேலே கட்டிகள் இருப்பதால் தலையில் இடித்து அதன் மேலேயே விழுவீர்கள். விழுந்தால் பெரிதாவீர்கள், இது எதிரி இல்லை என்று விளங்கிவிடும்.

எனக்குப் பிடித்தது அதே லெவலின் கடைசிப் பக்கம். ஏறவும் இறங்கவும் படிகள், நடுவில் இடைவெளி. அந்த இடைவெளிக்குக் கீழே தரை இருக்கிறது. விழுந்தால் ஒன்றும் ஆகாது, ஏறி வரலாம். கொஞ்சம் தள்ளிப் போனால் மறுபடி படிகள், மறுபடி இடைவெளி, இந்தமுறை கீழே தரை இல்லை. மருமகன் முதலாவதில் இரண்டு தரம் விழுந்தான். இரண்டாவதுக்கு வந்ததும் நின்றான், பின்னுக்குப் போனான், ஓடிவந்து பாய்ந்தான். எட்டுப் பத்து வரி எழுதி விளக்கியிருந்தால் அதை அமத்தி அனுப்பியிருப்பான்.

ஆனால் ஒரு நியாயம் சொல்லவேண்டும். எல்லாவற்றையும் இப்படிச் சொல்லில்லாமல் பழக்கமுடியாது. ராச்சியம் கட்டிப் போரிடுகிற 'ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2'இல் வில்லியம் வலஸ் பெயரில் ஏழு பகுதிப் பயிற்சி உண்டு. நடக்கப் பழக்கி, சாப்பாடு சேர்க்கப் பழக்கி, கடைசியில் போருக்கு அனுப்பும். குரல் சொல்லச் சொல்ல நாங்கள் செய்தோம். மரம் வெட்டுகிற இடத்துக்கு 'லம்பர் காம்ப்' என்பது எந்த ரியூட்டறியும் எனக்குச் சொல்லித்தராத ஆங்கிலம்.

மூன்றாவது, அடி. 2011இல் வந்த 'டார்க் சோல்ஸ்' தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே உங்களை விடப் பல மடங்கு பெரிய பூதம் ஒன்று மேலே இருந்து குதிக்கும். கையில் முறிந்த வாளின் பிடி. அடித்துப் பார்த்தேன், செத்தேன். திரும்பவும் செத்தேன். மருமகனிடம் கொன்ரோலரைக் கொடுக்கவில்லை, வயதுக்கு மீறிய கேம் (பக்கத்தில் இருந்து பார்த்ததை அக்காவிடம் சொல்லாதீர்கள்). அவன்தான் சொன்னான்: "மாமா, அங்கை பாருங்கோ, அந்தக் கதவு திறந்திருக்கு." ஓடிப்போ என்பதுதான் பாடம். ஓடினால் கேடயமும் நல்ல ஆயுதமும் கிடைக்கும். பிறகு மேல்மாடத்தால் வந்து அதே பூதத்தின் தலையில் குதிக்கலாம். தரையில் சில குறிப்புகள் எழுதி வைத்திருப்பார்கள், ஆனால் கற்பித்தது பூதத்தின் அடிதான்.

இந்த வழிக்குப் பொறுமையை விட நேரம் வேண்டும். மணித்தியாலத்துக்குக் காசு கட்டி விளையாடின காலத்தில் இது எங்களிடம் ஒருநாளும் எடுபட்டிருக்காது. அடிவாங்கிப் பழகு என்று சொல்கிறவர்கள், அடிக்குப் பிறகு எவ்வளவு தூரம் திரும்ப நடக்கவேண்டும் என்பதையும் சொல்லவேண்டும். 2018இல் வந்த மலையேறும் கேம் 'செலஸ்ட்' இங்கேதான் வேறுபடுகிறது. அதுவும் கடினம், நூற்றுக்கணக்கில் சாவீர்கள். ஆனால் செத்த அடுத்த நொடி அதே திரையில் எழும்பி நிற்பீர்கள். மருமகன் ஒரே திரையில் நாற்பது தரம் செத்தும் கோபப்படவில்லை. அதில் உதவி முறை ஒன்றும் உண்டு. கேமின் வேகத்தைப் பாதி வரை குறைக்கலாம், களைப்பே இல்லாமல் ஏறலாம், சாவே இல்லாமலும் ஆக்கலாம். இதைக் களவு என்று சண்டை பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கிளித்தட்டில் சின்னப்பிள்ளையைச் சேர்க்கும்போது நாங்கள் என்ன செய்தோம்? அடிபட்டாலும் கணக்கில்லை, சும்மா ஓடட்டும் என்று விட்டோம். அடுத்த வருடம் அதே பிள்ளை எங்களை அடித்து வெளியேற்றியது. மருமகன் வேகத்தை எண்பது வீதத்தில் வைத்தான். எப்போது நூறுக்கு ஏற்றினான் என்று எனக்குத் தெரியாது.

சொல்லாமல் கொள்ளாமல் இலகுவாக்குகிற கேம்களில் எனக்கு மனம் ஒப்பவில்லை. 'ரெசிடன்ட் ஈவில் 4' (2005) நீங்கள் செத்துக்கொண்டிருந்தால் சத்தமில்லாமல் எதிரிகளின் பலத்தைக் குறைத்துவிடும். அது கெட்டித்தனம், மன்னிக்கலாம். பப்ஜி மொபைலின் தொடக்க ஆட்டங்களிலோ எதிரே வருகிறவர்களில் பெரும்பகுதி பொட், கம்பியூட்டரே ஆட்டுகிற ஆட்கள். தான் பெரிய சூரன் என்று மருமகன் ஒரு கிழமை நடந்து திரிந்தான். உண்மையான ஆட்கள் வந்த அன்று சாப்பிடவில்லை.

எதை எதோடு ஒப்பிட்டாலும் அம்மாவின் கணக்கு வேறு. கடைசி நாள் 'வெண்பா' போட்டேன். கனடாவுக்குக் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதை, 2023இல் ரொறன்ரோவில் விசை கேம்ஸ் செய்தது. அதில் கையேடு என்பது தாய் எழுதிய சமையல் குறிப்புப் புத்தகம். கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. மிச்சத்தை நீங்கள்தான் ஊகிக்கவேண்டும். பிட்டுக் குழலில் எது முதல், எது பிறகு என்று நானும் மருமகனும் இழுபட்டுக்கொண்டிருந்தோம். அம்மா குசினியால் வந்து ஒரு பார்வை பார்த்தா.

"ஓட்டைத் தட்டை முதல் போடு. இல்லாட்டி மா கீழை கொட்டுண்டுமெல்லோ."

போட்டோம், சரிவந்தது. அவ ஒரு வரியும் வாசிக்கவில்லை, கொன்ரோலரைத் தொடவும் இல்லை. அவிந்து வந்த பிட்டைத் திரையில் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, தேங்காய்ப்பூ காணாது என்றா. அதைக் கூட்டுவதற்கு எந்தப் பட்டன் என்று மருமகன் இன்னும் தேடுகிறான்.