ஆணுறையோடு தேங்காய் எண்ணெயா, ஜெல்லியா?

வழுவழுப்புக்கு வீட்டில் சட்டென்று கைக்கு வருவது தேங்காய் எண்ணெய்தான், தனியாகக் காசும் இல்லை, ஆனால் கடையில் விற்கும் ஆணுறைகள் பெரும்பாலும் லேட்டக்ஸ் ரப்பர், எண்ணெய் பட்டால் சில நிமிடங்களிலேயே அது பலமிழந்து கிழியலாம், கிழிந்தது அப்போது தெரியாமலும் போகலாம். வாசலின், பேபி ஆயில் எல்லாம் இதே கதை.

தண்ணீர் சார்ந்த வழுவழுப்பு ஜெல்லி (லூப்ரிகன்ட்) ரப்பரை ஒன்றும் செய்யாது. சீக்கிரம் காய்ந்துவிடும், அதுதான் தொல்லை. இன்னும் கொஞ்சம் தடவிக்கொண்டால் சரி. மெடிக்கலில் கேட்கக் கூச்சமா, ஆன்லைனில் வாங்குங்கள். என்னைக் கேட்டால் ஜெல்லிதான், ஆசனவாய் உறவென்றால் கட்டாயம், அங்கே இயற்கையான ஈரம் கிடையாது.

அப்புறம், எதைத் தடவியும் கிழிந்து எச்ஐவி பயம் வந்துவிட்டால், 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பு மாத்திரை கேளுங்கள், அன்றைக்கே போனால் இன்னும் நல்லது.