முதியோர் ஹோம்ல அம்மா அப்பாவ விடுறவை சாப்பாட்டு நேரத்துல ஒருக்கா போய்ப் பாருங்கோ

கொழும்பில வெள்ளவத்தை தெஹிவளைப் பக்கம் வயசான ஆக்களுக்கு ஹோம் தேடுறவை தயவுசெய்து இத முழுக்க வாசிங்கோ. நான் நல்லா ஏமாந்துட்டன், அனுபவிச்சது அம்மா.

அம்மாக்கு 81. விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்ச பிறகு தனிய நடக்கேலாது, வீட்டில எல்லாரும் வேலைக்குப் போற ஆக்கள், அதால காலி ரோட்டுக்குக் கிட்ட ஒரு ஹோம்ல சேர்த்தம். மாசம் 95,000, டிப்பொசிட் ரெண்டு மாசக் காசு, அதுக்கு மேல 'சுகாதாரச் செலவு' எண்டு மாசாமாசம் 7,500. அது என்னத்துக்கு மிஸ் எண்டு கேட்டன். "சானிட்டைசர், கிளவ்ஸ், லிக்விட் சோப் எல்லாம் அதுக்குள்ளதான் மகள், கை சுத்தத்துல நாங்க விட்டுக்குடுக்கிறதே இல்ல" எண்டா மேட்ரன். வாசல்ல பெரிய சானிட்டைசர் போத்தல், சுவரில கை கழுவுற படம். அதுகளப் பாத்தே நம்பிட்டன்.

நான் வழமையா போறது ஞாயிறு பின்னேரம், விசிட்டர்ஸ் டைம்ல. ஒரு புதன்கிழமை அரைநாள் லீவு கிடைச்சு சொல்லாமக் கொள்ளாம மத்தியானம் போனன். பதினொரு பேர், சோறும் பருப்பும் மீன்குழம்பும் போட்டாச்சு, ஒருத்தரும் கை கழுவேல்ல. வேலை செய்யிற பிள்ளை ஒரே ஒரு ஈரத்துணியால முதல் ஆள்ட கையத் துடைச்சு, அதே துணியால அடுத்த ஆள், அதுக்கடுத்த ஆள் எண்டு துடைச்சுக்கொண்டு போறா, அதுல ரெண்டு பேர் அப்பதான் கொமோட்டால எழும்பி வந்தவை. கையில கிளவ்ஸ் இருக்கு, ஆனா கொஞ்சம் முன்ன பம்பர்ஸ் மாத்தினதும் அதே கிளவ்ஸோடதான். அம்மா சோத்தத் தொடாம வலது கைய உயத்திப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறா. என்னக் கண்டதும், "பிள்ளை, ஒரு செம்பு தண்ணி கொண்டு வாறியே, கை கழுவோணும்" எண்டா. சிங்க்ல சவர்க்காரம் இல்ல. வாசல் போத்தல அமத்திப் பாத்தன், ஸ்பிரிட் மணமே இல்ல.

மேட்ரனிட்டக் கேட்டா, "வயசான ஆக்கள் கை கழுவ விரும்பமாட்டினம் மகள், கட்டாயப்படுத்தேலாது" எண்டு சொல்லுறா. என்ர அம்மா கையத் தூக்கிக்கொண்டு தண்ணிக்குக் காத்திருந்தத நான் கண்ணால பாத்தனான்.

அண்டைக்கே கூட்டிக்கொண்டு வந்திருக்கோணும். மாசம் முடியட்டும் எண்டு விட்டன். நாலாம் நாள் போன் வந்துது, அம்மா மாறி மாறிக் கதைக்கிறா, வயசுதானே எண்டு. போய்ப் பாத்தா நாக்கு வறண்டு கிடக்கு. ரெண்டு நாளா வயித்தால போயிருக்கு, எங்களுக்குச் சொல்லேல்ல, ஜீவனி (வயித்தால போனா தண்ணியில கரைச்சுக் குடுக்கிற உப்புச் சீனிப் பவுடர்) கூடக் கரைச்சுக் குடுக்கேல்ல. காய்ச்சல் இல்ல எண்டபடியா தாங்கள் பயப்படேல்லயாம். ஆனா வயசான ஆக்களுக்குத் தொற்று வந்தாலும் காய்ச்சல் காட்டாம, திடீர்க் குழப்பமா மட்டும் தெரியலாம், உடம்பில தண்ணியும் கெதியா வத்தும் எண்டு டொக்டர் சொன்னார். ஆறு நாள் வாட்டில சேலைன். அந்தக் கிழமை அங்க இன்னும் நாலு பேருக்கு இதே வருத்தமாம்.

ஒண்டு விளங்கிக்கொள்ளுங்கோ, கை சுத்தம் எண்டா எல்லாரும் பாக்கிறது வேலை செய்யிறவையின்ர கையத்தான். படுத்திருக்கிற ஆளின்ர கைய ஒருத்தரும் யோசிக்கிறதில்ல, நாங்களோ கையாலதான் சாப்பிடுற ஆக்கள். அழுக்குக் கையில சானிட்டைசர் ஒழுங்கா வேலை செய்யாது, வயித்தோட்டம் குடுக்கிற நோரோவைரஸ் மாதிரிக் கிருமிகளுக்கு அத நம்பேலாது, ஓடுற தண்ணியும் சவர்க்காரமும்தான் வேணும். கிளவ்ஸ் போட்டாலும் ஒவ்வொரு ஆளுக்கும் மாத்தோணும், கழட்டினோடன கை கழுவோணும்.

இப்ப அம்மா வீட்டில. பகலில ஒரு அக்கா வந்து பாக்கிறா, அவவுக்கு மாசக் காசு அந்த ஹோமை விடக் குறைவு. மடியில பேசினை வச்சு இளஞ்சூட்டுத் தண்ணி செம்பால ஊத்துவா. கட்டிச் சவர்க்காரம் அம்மாட விரலுக்குள்ள நிக்காது, அதால பம்ப் போத்தல். உள்ளங்கை, விரலிடுக்கு, பெருவிரல், நகம் எல்லாம் தேய்ச்சுக் கழுவித் துடைச்சு முடிக்க உலக சுகாதார நிறுவனம் சொல்லுற 40-60 செக்கன் சரியா வருது. துவாய் அம்மாக்கு மட்டும் தனிய, துடைச்ச பிறகு கொஞ்சம் கிறீம், தோல் மெல்லிசு, வெடிச்சா பிறகு கை கழுவப் பயப்பிடுவா. "கழுவுங்கோ" எண்டு ஏவாம, "வாங்கோம்மா, ரெண்டு பேரும் கழுவிப்போட்டுச் சாப்பிடுவம்" எண்டு அக்காவும் கூடக் கழுவுறா, அம்மா ஒரு நாள் கூட மாட்டன் எண்டதில்ல.

ஹோம் பாக்கப் போறவை சாப்பாட்டு நேரத்துல சொல்லாமப் போங்கோ. சிங்க்ல சவர்க்காரம் இருக்கா, எழும்பேலாத ஆளுக்கு தண்ணி கட்டிலடிக்கு வருதா, துவாய் ஆளுக்கொண்டா, கொமோட்டால எழும்பினோடன கை கழுவி விடுகினமா, இதெல்லாம் பாருங்கோ. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் சட்டம் இருக்கு, பதிவுச் சான்றிதழக் கேளுங்கோ, தர யோசிச்சா வெளிக்கிட்டு வாங்கோ. நான் அதையும் கேக்கேல்ல.

டிப்பொசிட்ட இன்னும் தரேல்ல, நான் ஒரு மாச நோட்டீஸ் குடுக்கேல்ல எண்டு சொல்லுகினம். பில், டிஸ்சார்ஜ் ஷீட் எல்லாம் போட்டோக் கொப்பி அடிச்சு முதியோருக்கான தேசிய செயலகத்துக்கு முறைப்பாடு எழுதிட்டன், திங்கக்கிழமை கொண்டு போய்க் குடுக்கிறன்.